கன்ட்ரோல் ஓட்டிப் பார்த்த டாக்டர்

மதுரை
ஜூன் 14

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ அழ ஆரம்பிப்பாய், நானும் சேர்ந்துகொள்வேன், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். நீயும் அதனால்தான் எழுதினாய் என்று நினைக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் கழித்தும் உன் கையெழுத்து நம்ம ரத்தப் பரிசோதனை லேபில் நீ எழுதிய சாம்பிள் லேபிள் மாதிரியே இருக்கிறது.

உன் பிள்ளை கதிருக்கு நெஞ்சுப் படபடப்பு. ஈசிஜி, எக்கோ, ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்கிற ஹோல்ட்டர், தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். டாக்டர் 'ஸ்ட்ரெஸ்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதுவரைக்கும் சரி. அடுத்த பக்கத்தில், "பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வருவதற்கு நடிக்கிறானோ என்றுகூடத் தோன்றுகிறது தனம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அவ்வளவு கோபம் உன் மேல். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாலு பக்கக் கடிதத்தில் அந்த ஒரு வரியில் மட்டும் இரண்டு அடித்தல். எழுத உனக்கே கை வரவில்லை என்று புரிந்தது.

அந்தச் சொல்லை நானும் வாங்கியிருக்கிறேன் மல்லி. போன வருஷம். உன்னிடம் மறைத்துவிட்டேன்.

அக்டோபரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் கவனக்குறைவால் இடது கால் பிசகிவிட்டது. வெறும் சுளுக்கு. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு கிடந்தேன், பத்து நாளில் வீக்கம் வடிந்தது. பதினோராம் நாள் காலையில் எழுந்து நின்றால் இடது கால் கூட வரவில்லை. வலி கிடையாது. யாரோ ஒருவருடைய காலை என் இடுப்பில் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. இழுத்து இழுத்து பாத்ரூம் வரைக்கும் போனேன். எங்க வீட்டுக்காரர் ஸ்ட்ரோக் என்று பயந்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

அப்புறம் நடந்ததை உனக்கு விளக்க வேண்டியதில்லை. மூளைக்கு எம்.ஆர்.ஐ., முதுகுத் தண்டுக்கு எம்.ஆர்.ஐ., கரண்ட் வைத்து நரம்பைப் பார்க்கிற டெஸ்ட், பி12, சர்க்கரை, ஈ.எஸ்.ஆர். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. முதல் டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். அவர் அப்படிச் சொல்லும்போது நான் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இரண்டாமவர் மாதவிடாய் நின்றுவிட்டதா என்று கேட்டார். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இரண்டுக்கும் பதில் சொன்னதும் விஷயம் பிடிபட்டுவிட்டது அவருக்கு. கோயில் குளம் போய்வரச் சொன்னார். இப்படிக் காரணம் தெரியாத நோய்க்கு முன்பு வைத்திருந்த ஹிஸ்டீரியா என்ற பெயரே கருப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று பிறகு படித்தேன். பெயர்ப்பலகையை எடுத்துவிட்டார்கள், கடை அப்படியேதான் இருக்கிறது.

வீட்டில் மாமியார் திருநீறு பூசினார். பள்ளிவாசலுக்கு அழைத்துப்போய் மந்திரித்துக்கொண்டு வந்தார்கள். யாழினி தமிழ் எம்.ஏ. இல்லையா, அவளுக்கு ஒரே சிரிப்பு. சங்கப் பாட்டில் பெண் காதலால் மெலிந்துபோவாள், தாய்க்குக் காரணம் புரியாது, முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டுக் கழங்குக் காய் போட்டுக் குறி பார்ப்பாள், வேலன் முருகன் பிடித்திருக்கிறான் என்று சாமி வந்து வெறியாடுவான். தோழிக்கு மட்டும் உண்மை தெரியும். ஒரு பாட்டில் தோழி முருகனையே பார்த்து, இது உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்டவுடன் வந்து நிற்கிறாயே, நீ கடவுளாகவே இருந்தாலும் மடையன்தான் என்கிறாளாம். "அம்மா, அந்த முருகன் இப்ப எம்.ஆர்.ஐ. சென்டர்ல இருக்கான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அன்றைக்கு.

இப்போது அந்தச் சொல் வந்த நாளுக்கு வருகிறேன். கார்த்திகை மாசம். நாத்தனார் வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அடுப்பில் பால். சத்தம் கேட்டுத் திரும்பினால் நுரை விளிம்புக்கு வந்துவிட்டது. எழுந்து ஓடி அடுப்பை அணைத்தேன். அணைத்துவிட்டு நிற்கும்போதுதான் தெரிகிறது, ஓடியே வந்திருக்கிறேன். இரண்டு காலாலும். நினைத்தவுடன் இடது கால் மறுபடி கனத்துப்போனது, மேடையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் நாத்தனார் வாசற்படியில். "பாலுக்கு மட்டும் கால் வருதாக்கும்" என்றார். எங்க வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

அதோடு எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நடிக்கிறேனா? என்னையறியாமல் எதையோ தட்டிக்கழிக்கிறேனா? தனியாக இருக்கும்போது சோதித்துப் பார்ப்பேன். வீட்டில் யாரும் இல்லை, பார்க்க ஆள் இல்லை, அப்போதும் கால் வராது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், வெட்கம். நாம் லேபில் சேர்ந்த புதிதில் மஞ்சப் பையோடு ஒரு கிழவி வருவாரே, இரண்டு மாசத்துக்கு ஒரு முறை உடம்பெல்லாம் வலி என்று ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு? 'நார்மல் பாட்டி' என்று பேர் வைத்தோம். ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது அவர் முகம் விழுந்துவிடும், நாம் உள்ளே போய்ச் சிரிப்போம். நார்மல் என்றால் சந்தோஷப்படாமல் அழுகிறதே இந்தக் கிழவி என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நானும் சிரித்தேன். என் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பிரித்த அன்று ஆட்டோவில் அழுதேன். கட்டி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. என்ன நினைப்பு பார்.

நார்மல் என்ற வார்த்தையை நம்மைப்போல் அதிகமாக டைப் அடித்தவர்கள் யார்? ரிப்போர்ட்டில் போடுகிற அந்த நார்மல் ரேஞ்ச் எப்படி வந்தது என்று நமக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். ஆரோக்கியமான நிறையப் பேருக்கு டெஸ்ட் எடுத்து, நடுவில் விழும் 95 சதவீதத்தை நார்மல் என்று வைத்துக்கொண்டு, இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் வெட்டிவிடுவது. ஆக, நல்ல ஆளுக்கே நூற்றுக்கு ஐந்து தடவை வெளியே விழும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு கோளாறும் இல்லாத 100 பேரில் 64 பேருக்கு ஏதாவது ஒன்றில், ரேஞ்சுக்கு வெளியே என்று காட்டும் நட்சத்திரக் குறி விழும். ஹெல்த் செக்கப் பேக்கேஜ் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அந்த நட்சத்திரத்தைத் துரத்திக்கொண்டு அடுத்த டெஸ்ட், அதிலிருந்து இன்னொன்று. இதையெல்லாம் தெரிந்த நானே கதிர் மாதிரிப் பிள்ளைகளின் ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது, "எல்லாம் நார்மல்தாம்பா, கவலைப்படாத" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாம் அளந்தவற்றில் எதுவும் மாறவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

டிசம்பரில் மூன்றாவதாக ஒரு நரம்பு டாக்டர். சின்ன வயசு. ஃபைலைத் திறக்காமல் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க" என்றார். இருபது நிமிஷம் கேட்டார். பால் பொங்கிய கதையைச் சொல்ல எனக்குத் தயக்கம். எங்க வீட்டுக்காரர்தான் சொன்னார், கொஞ்சம் குற்றம் சொல்கிற குரலில். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அது ரொம்ப முக்கியம், நல்லவேளை சொன்னீங்க" என்றார்.

படுக்கச் சொன்னார். இடது குதிகாலுக்கு அடியில் கையை வைத்து, "மெத்தையில் அழுத்துங்க" என்றார். முக்கிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அடுத்து வலது தொடை மேல் இன்னொரு கையை வைத்து அமுக்கிக்கொண்டு, "இப்ப இடது காலை மறந்துடுங்க, வலது காலைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். "சார், இங்க வாங்க" என்று எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் கையை என் இடது குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொன்னார். மறுபடி வலது காலைத் தூக்கினேன். அவர் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். டாக்டர் அழுத்தச் சொன்னபோது செத்துக் கிடந்த கால், நான் நினைக்காதபோது அவர் கையை மெத்தையில் புதைத்துவிட்டதாம்.

ஒரு காலைத் தூக்கும்போது அடுத்த கால் தானாகக் கீழே ஊன்றும், எல்லோருக்கும் அப்படித்தான். ஊன்றுகிறது என்றால் நரம்பும் தசையும் சரியாக இருக்கின்றன, நான் வேண்டுமென்று ஏவுகிற வழியில்தான் தடங்கல். "உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்லல. உங்களுக்கு இருக்கறது இதுதான்" என்றார். ஃபங்ஷனல் வீக்னஸ் என்று பெயர் சொன்னார். ஹார்டுவேர் சாஃப்ட்வேர் என்று ஒரு விளக்கமும் கொடுத்தார், எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார் போல. எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. ரத்தத்தைச் சோதிக்கிற நம்ம அனலைசரில் லாம்ப் நன்றாக இருக்கும், ரீஏஜென்ட் மருந்து புதுசு, ட்யூபில் அடைப்பு இல்லை, ஆனால் கேலிப்ரேஷன், அதாவது அளவுத் திருத்தம், விலகியிருந்தால் வருகிறவர்களுக்கெல்லாம் சர்க்கரை 40 கூடக் காட்டும். என்ஜினியர் வந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்தாலும் பழுது தெரியாது. அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சீரம் ஓட்டிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரியும். அந்த டாக்டர் என் காலுக்குக் கன்ட்ரோல் ஓட்டினார். மற்றவர்கள் பாகத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சோதனைக்கு ஹூவர் குறி என்று பேராம். கிளீவ்லாந்தில் இருந்த சார்லஸ் ஹூவர் என்ற டாக்டர் 1908ல் எழுதியது. வேடிக்கை என்னவென்றால், அவர் கட்டுரைத் தலைப்பிலேயே 'பாசாங்கைக் கண்டுபிடிக்க' என்று இருக்கிறது. பொய்க்காரர்களைப் பிடிக்க வைத்த பொறி. அதே சோதனையை நூறு வருஷம் கழித்து ஒருவர் என் புருஷன் கையை வைத்துச் செய்துகாட்டி, நான் பொய்க்காரி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தார். உண்மையில் அந்தக் குறி வேண்டுமென்றே செய்வதையும் அறியாமல் வருவதையும் பிரித்துக் காட்டாது, அதையும் அவரே சொன்னார். பிரிப்பது நோயாளியோடு உட்கார்ந்து பேசித்தான்.

"எதனால் வந்தது?" என்று கேட்டேன். கடன், யாழினி கல்யாணம், மாமியார் என்று நானே ஒரு பட்டியல் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. சுளுக்கு மாதிரிச் சின்னக் காயத்துக்குப் பிறகு இது ஆரம்பிப்பது சகஜம் என்றார். முன்பெல்லாம் மனசில் ஒரு அடி இருந்தே தீர வேண்டும் என்று விதி வைத்திருந்தார்களாம். 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த இரண்டு மாசத்தில் என் வாழ்க்கையைக் கிண்டாதவர்கள் யாரும் இல்லை.

சரி, எல்லாவற்றையும் மனசு தலையில் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியாததா? எங்கப்பாவின் அல்சர் ஞாபகம் இருக்கிறதா? ஊரே அவருக்குக் 'கோபக்கார வயிறு' என்றது. டாக்டரும் அதைத்தான் சொன்னார். காரம் கூடாது, டென்ஷன் கூடாது. அந்தக் காலத்துப் பாடப்புத்தகமே அப்படி. 1950ல் சிகாகோவிலிருந்த ஃப்ரான்ஸ் அலெக்சாண்டர் மனசால் வரும் வியாதிகள் என்று ஏழு பெயரைச் சொன்னார், வயிற்றுப் புண்ணும் அதில் ஒன்று. அப்பாவுக்கு நாங்கள் வாழ்நாளெல்லாம் மோர்ச்சாதமும் புத்திமதியும் கொடுத்தோம். அங்கே ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்று இரண்டு பேர் 1982லேயே வயிற்றிலிருந்து எடுத்த ஒரு கிருமியை லேபில் வளர்த்துக் காட்டிவிட்டார்கள். யாரும் நம்பவில்லை என்று மார்ஷல் 1984ல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடித்துவிட்டு வாந்தி எடுத்தார். 2005ல் நோபல்.

எண்டோஸ்கோபியில் எடுத்த அப்பாவின் துணுக்கை அந்தக் கிருமி இருந்தால் நிறம் மாறுகிற மஞ்சள் ஜெல்லில் நானே போட்டேன் மல்லி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோஸ் கலர் ஏறியது. இரண்டு வாரம் மாத்திரை. இருபது வருஷ வலி நின்றது. கோபம் மட்டும் கடைசி வரைக்கும் அப்படியே இருந்தது அவருக்கு! அதே கிருமி வயிற்றில் இருந்தும் பெரும்பாலோருக்குப் புண்ணே வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பிடித்துக்கொள்வாய்.

என் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் இன்னும் பயமான ஒன்றைச் சொன்னார். எலியட் ஸ்லேட்டர் என்று லண்டனில் ஒரு மனநல மருத்துவர். அங்குள்ள பெரிய நரம்பியல் ஆஸ்பத்திரியில் ஹிஸ்டீரியா என்று எழுதி அனுப்பப்பட்ட 85 பேர் பல வருஷம் கழித்து என்ன ஆனார்கள் என்று தேடிப்போனார். நிறையப் பேருக்கு நிஜமான நரம்பு வியாதி வெளிப்பட்டிருந்தது, சிலர் இறந்தே போயிருந்தார்கள். ஹிஸ்டீரியா என்பது டாக்டர் தன் அறியாமைக்குப் போட்டுக்கொள்ளும் வேஷம் என்று 1965ல் எழுதிவிட்டார். அதற்கப்புறம் ஒரு தலைமுறை டாக்டர்களுக்கு அந்தப் பெயரை எழுதவே பயம். 2005ல் எடின்பரோவைச் சேர்ந்த டாக்டர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். 1950களில் இப்படித் தப்பாகப் போனது 29 சதவீதம், 60களில் 17, 70களிலிருந்து 4. "அந்த நாலு பேரில் நீங்க இருக்கீங்களான்னு பார்க்கத்தான் ஆறு மாசத்தில் மறுபடி வரச் சொல்றேன்" என்றார். தன் முடிவைத் தானே மறுபடி ஓட்டிப் பார்ப்பேன் என்கிற ஆள். நான் முழுசாக நம்பியது அந்த நிமிஷத்தில்தான். போன வாரம் போய்வந்தேன். முடிவு மாறவில்லை.

வைத்தியம் என்ன என்று கேட்பாய். பிசியோதெரபி, ஆனால் தலைகீழ் பிசியோதெரபி. காலை நினைக்க நினைக்கக் கால் மோசமாகும், அதனால் நினைப்பை வேறு பக்கம் திருப்ப வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் வராத கணக்கு இப்போதும் வரவில்லை, கால் வந்தது. தாளம் போட்டு நடந்தால் நன்றாக வருகிறது. பின்பக்கமாக நடந்தால் அதைவிட நன்றாக வருகிறது. மொட்டை மாடியில் நான் பின்னால் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்து எதிர்வீட்டுப் பையன் வீடியோ எடுத்தான். மூன்று மாசத்தில் கடைத்தெரு வரைக்கும் போக ஆரம்பித்தேன். களைத்த நாளில் இன்னும் இழுக்கிறது. எல்லோருக்கும் இப்படித் திரும்புவதில்லை என்றும் அங்கேயே பார்த்தேன். என்னோடு வந்த ஒரு கல்லூரிப் பெண் இன்னும் வாக்கரில்தான் இருக்கிறாள்.

இப்போது கதிர் விஷயம். நாம் டாக்டர் இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். ஹோல்ட்டர் மாட்டிய அந்த ஒரு நாளில் அவனுக்குப் படபடப்பு வந்ததா? நீ எழுதவில்லை. வராத நாளில் எடுத்த ரிப்போர்ட் அந்த நாளைப் பற்றித்தான் சொல்லும். அப்புறம், எப்படி ஆரம்பிக்கிறது என்று அவனைக் கேள். சுவிட்சைப் போட்ட மாதிரி ஒரே நொடியில் துவங்கி, அதேபோல் ஒரே நொடியில் நிற்கிறதா? அல்லது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கை நடுங்கி, மூச்சு முட்டி, மெதுவாக இறங்குகிறதா? முதல் வகை என்றால் இதயத் துடிப்பின் மின்பாதையில் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டு, சின்ன வயசில் அதைப் பதற்றம் என்று எழுதி அனுப்பிவிடுவது நடக்கிறதுதான். வருகிற நேரத்தில் பக்கத்திலிருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடி அப்போதே ஒரு ஈசிஜி எடுக்கச் சொல். இரண்டாவது வகை என்றால் அது பீதி நோயாக இருக்கலாம். அப்படியே இருந்தாலும் அதுவும் ஒரு நோய், அதற்கும் வைத்தியம் இருக்கிறது. எப்போது வந்தது, எவ்வளவு நேரம், அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல். உன் கையெழுத்து அவனுக்கு வந்திருந்தால் டாக்டர் சந்தோஷப்படுவார்.

எதுவாக இருந்தாலும், நீ அந்த வரியை மனசில் நினைத்தது அவனுக்குத் தெரிந்திருக்கும். எங்க வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை, எனக்குத் தெரிந்ததே. ஒரு தடவை பெங்களூர் போய் அவனோடு இருந்துவிட்டு வா. கருவேப்பிலைப் பொடி கொண்டுபோ, அவனுக்குப் பிடிக்கும்.

யாழினி கல்யாணம் ஆவணியில். பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறோம். நாத்தனார்தான் சமையல் கான்ட்ராக்ட் பேசி முடித்தார், பேரம் பேசுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. நீ இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. மண்டபத்தைப் போய்ப் பார்த்தேன். மணமேடைக்கு ஐந்து படி, பிடிக்கக் கம்பி இல்லை. அன்றைக்கு ஆயிரம் பேர் பார்க்கும்போது கால் மக்கர் செய்தால், பின்பக்கமாகத்தான் ஏறப்போகிறேன். பட்டுப்புடவைக் கொசுவத்தை நீதான் பின்னால் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும், சிரிக்காமல்.

அன்புடன்,
தனம்